அல்லாதவர்

சுங்கை கெலாடி தோட்டம்,
போர்டிக்சன்
12 பிப்ரவரி 2024

திரு. திவாகரன் அவர்களுக்கு,

மாப்பிள்ளை என்று எழுதத்தான் கை போனது. நிறுத்திவிட்டேன். பொங்கலுக்குப் பிள்ளைக்கு நான் அனுப்பிய பாவாடை சட்டை பிரிக்காமலே திரும்பி வந்த அன்றைக்கே, அந்த உறவை நீங்கள் வேண்டாம் என்று வைத்துவிட்டது எனக்குத் தெரிந்துவிட்டது.

என் தங்கை ரோகினி போய் ஏழாவது மாதம் நடக்கிறது. கருமாதி முடிந்த கையோடு மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு நீலாய்க்குப் போனீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையை நான் பார்க்கவில்லை. தேடி வந்தேன். சிரம்பான் வரை பஸ், அங்கிருந்து ரயில், அப்புறம் புண்ணுக் காலை இழுத்துக்கொண்டு நடை. உங்கள் கேட் திறக்கவில்லை. ஜன்னல் துணி மட்டும் அசைந்தது. போன் செய்தேன். என் எண்ணை அடைத்து வைத்திருக்கிறீர்கள். நல்லது. இனி உங்களோடு போனில் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று நானும் முடிவு செய்துவிட்டேன். சொன்ன சொல்லை மாற்றுகிற வழக்கம் எனக்கு இல்லை. எதுவானாலும் எழுத்தில்தான்.

அனுஷியாவுக்கு மொட்டை போட்டது என் மடியில். காது குத்துவதும் என் மடியில்தான் நடக்க வேண்டும் என்று ரோகினி வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்டு, கடைசியில் போன ஆடித் திருவிழாவுக்கு இங்கே கூட்டி வந்தாள். மறுநாள் காது குத்து. முதல் நாள் சாயங்காலம் அவள் போய்விட்டாள். வாங்கி வைத்த தோடு என்னிடம் அப்படியே இருக்கிறது.

தாயில்லாத பிள்ளையைத் தாய்மாமன் பார்க்கக் கூடாது என்று எந்த ஊரில் எழுதி வைத்திருக்கிறது? நான் கோர்ட்டுக்குப் போகிறேன். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவதுதான் மரியாதை.

இன்னொன்றையும் எழுத்தில் வைக்கிறேன். அன்றைக்கு ரோகினியை நான் கூப்பிடவில்லை.

சன்னாசி
(தோட்டத்துப் பழைய மண்டோர், கங்காணி)


நீலாய்
26 பிப்ரவரி 2024

திரு. சன்னாசி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் தமிழில் எழுதி வெகு காலம். பிழை இருந்தால் பொறுக்கவும்.

நீங்கள் கூப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று பின்னேரம் நான் உங்கள் வீட்டில்தான் இருந்தேன் என்பதை மறந்துவிட்டீர்கள். மழை விட்டிருந்தது. ரோகினி முன்வாசலில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். பழைய ரப்பர் ஆலைக் குட்டையின் பக்கமிருந்து உங்கள் குரல் வந்தது. "பாப்பா" என்று இழுத்து. கொஞ்சம் விட்டு மறுபடியும் "பாப்பா". அவளை அப்படிக் கூப்பிடுகிற ஆள் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். "அண்ணே குட்டப் பக்கம் நிக்குறாங்க போல, மீன் புடிச்சிருப்பாங்க" என்று சிரித்துக்கொண்டே எழும்பிப் போனாள். அதன் பிறகு அவளைக் குட்டையிலிருந்து தூக்கித்தான் கொண்டுவந்தார்கள்.

வழுக்கி விழுந்தாள் என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். நீங்கள் எதையும் வேண்டுமென்று செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இருட்டுகிற நேரத்தில் அவளை அங்கே கூப்பிட்டது நீங்கள். அதை என் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொன்னீர்கள். இப்போது எழுத்திலும் சொல்கிறீர்கள். என்னால் தாங்க முடியாதது அந்தப் பொய்தான்.

பிள்ளையைப் பற்றியும் சொல்கிறேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. இரண்டாவது முறையும் இல்லை. மூன்றாவது முறைதான் "ம்" என்கிறாள். ஆசிரியை காது கேட்கிறதா பாருங்கள் என்றார். காதில் ஒரு குறையும் இல்லை. கேட்டால், மாமா அப்படித்தான் சொல்லித் தந்தார் என்கிறாள். தாயைப் பறிகொடுத்த பிள்ளையின் மனதில் பேய் பிசாசுப் பயத்தைப் போட்டிருக்கிறீர்கள். அவளுடைய மனவுலைச்சலுக்கு நீங்களே காரணம். பார்க்க விட மாட்டேன்.

திவாகரன்


சுங்கை கெலாடி தோட்டம்
10 மார்ச் 2024

திரு. திவாகரன் அவர்களுக்கு,

உளைச்சலுக்கு 'ள' போட வேண்டும். பட்டம் வாங்கியவர் நீங்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்று, சாமான் கட்டி வந்த பேப்பரைப் பிரித்துப் படித்துத் தேறியவன். பிழையைப் பொறுக்கச் சொன்னதால் பொறுத்தேன். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அன்று நான் போர்டிக்சன் கிளினிக்கில் காலுக்கு மருந்து கட்டப் போயிருந்தேன். திரும்ப பஸ் இல்லை. மழை. முக்கால்வாசி தூரம் நடந்தே வந்தேன். செம்பனை மரங்களுக்குள்ளே குறுக்குப் பாதையில் வரும்போது குட்டைப் பக்கம் டார்ச் வெளிச்சம் தெரிந்தது. யாரோ மாடு தேடுகிறார்கள் என்று நினைத்தேன். என் தங்கையைத் தேடியிருக்கிறார்கள். நடந்து வந்த என்னை யாரும் பார்க்கவில்லை. அதனால் நான் பொய்யன்.

நீங்கள் கேட்டது என் குரல் இல்லை என்று நான் சொல்லவில்லை. என் குரலாகவே இருக்கட்டும். கூப்பிட்டது நான் இல்லை என்கிறேன். இரண்டும் வேறு வேறு.

இந்தத் தோட்டத்தில் விளக்கு வைக்கிற நேரத்தில் யார் கூப்பிட்டாலும் மூன்றாவது கூப்பாட்டுக்குத்தான் பதில் சொல்வோம். ரப்பர் காலத்திலிருந்து அப்படித்தான். மனிதன் என்றால், பதில் வராதபோது எரிச்சல் வந்து இன்னொரு தரம் கூப்பிடுவான். அதற்கு எரிச்சல் கிடையாது. இரண்டு முறை கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கும். அது என்ன என்று கேட்காதீர்கள், நாங்கள் அதற்குப் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் திரும்பிப் பார்க்கும். ரோகினிக்கு இது தெரியும். டவுனில் வாழ்ந்து, கூப்பிட்டால் போகப் பழகிவிட்டாள். அதனால்தான் அவளைப் புதைத்த அன்று பிள்ளையை மடியில் வைத்து மூன்றாவதைச் சொல்லிக் கொடுத்தேன். பயம் காட்டவில்லை. தாழ்ப்பாள் போடக் கற்றுக் கொடுத்தேன்.

ஒன்று மட்டும். இந்த விஷயத்தை இருட்டின பிறகு வாய் விட்டுப் பேசக் கூடாது. நானே பகலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

வழக்கு பதிவாகிவிட்டது. எனக்காக வருவது புஷ்பவள்ளி என்ற வழக்கறிஞர். என்னோடு ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்த ராக்கம்மாவின் மகள். சட்டத்தில் தாய்மாமன் என்ற சொல்லே இல்லையாம். பிள்ளைக்குத் தாய் தகப்பனாம், மிச்சப் பேர் எல்லாம் 'பெற்றோர் அல்லாதவர்' என்ற ஒரே கொட்டகைக்குள்ளாம். அல்லாதவருக்கு உரிமை கிடையாது. பிள்ளைக்கு நல்லது என்று நீதிபதிக்குத் தோன்றினால் பார்க்க விடுவார். அந்தப் பெண் மெதுவாகத்தான் சொன்னது. "அங்கிள், கோவப்படாதீங்க லா, சட்டத்துல அப்படித்தான் எழுதியிருக்கு." முடி இறக்கியபோது பிள்ளை அழுது நனைத்தது என் வேட்டியை. நான் அல்லாதவன்.

இருக்கட்டும். அல்லாதவனாகவே வந்து நிற்கிறேன்.

சன்னாசி


நீலாய்
22 ஏப்ரல் 2024

திரு. சன்னாசி அவர்களுக்கு,

வழக்கு நடக்கும்போது நேரே எழுத வேண்டாம் என்று என் வழக்கறிஞர் ஹேமநாதன் சொன்னார். என்றாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இது நிற்க வேண்டும்.

என் வீட்டு வாசலுக்கு வருவதை நிறுத்துங்கள்.

கேட்டுக்கு எதிரே உள்ள மரத்தடியில் பின்னேரங்களில் நீங்கள் வந்து நிற்பதாக அனுஷியா சொன்னபோது நான் முதலில் நம்பவில்லை. உங்கள் ஞாபகத்தில் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன். ஆனால் அவள் நாளும் சொல்கிறாள். வேலை முடிந்து அவளைப் பராமரிப்பு நிலையத்திலிருந்து கூட்டிக்கொண்டு வர ஏழு மணியாகும். உடுப்பு மாற்றிவிட்டு நேரே ஜன்னலுக்குத்தான் ஓடுகிறாள். மாமா கூப்பிடுகிறார் என்கிறாள். எப்படிக் கூப்பிடுகிறார் என்றேன். "ஆயி, ஆயி" என்றாள்.

எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளையை ஆயி என்று கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. இந்தத் தெருவிலேயே கிடையாது. அது உங்கள் வாய்ச் சொல். நீங்கள் வராமல் அந்தச் சொல் எப்படி இங்கே வரும்?

கதவைத் திறந்து நான் வெளியே போகும்போது நீங்கள் போய்விடுகிறீர்கள். இது என்ன விளையாட்டு? நீதிமன்றத்தில் பார்க்க அனுமதி கேட்டுக்கொண்டே, இன்னொரு பக்கம் அனுமதி இல்லாமல் வந்து பிள்ளையைக் கலைக்கிறீர்கள். போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன். அதன் நகல் நீதிபதியிடம் போகும்.

திவாகரன்


போர்டிக்சன்
2 மே 2024

திரு. திவாகரன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைத் தோட்டத்து வீட்டிலிருந்து ராக்கம்மா எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். எங்கே கொண்டுவந்து கொடுத்தாள் என்றால் ஆஸ்பத்திரியில். இனிப்பு நீர் வியாதி முற்றிப்போய் வலது கால் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். ஏப்ரல் மாதம் பிறந்ததிலிருந்து கட்டிலில் கிடக்கிறேன். கக்கூசுக்குப் போக நர்ஸைக் கூப்பிட வேண்டிய நிலை. இதில் நான் ரயில் ஏறி வந்து உங்கள் மரத்தடியில் ஒளிந்து விளையாடினேனாம்.

படித்ததும் வந்த கோபத்தில் பக்கத்துக் கட்டில்காரர் பயந்து எழுந்துவிட்டார். உங்களை என்னென்ன திட்டினேன் என்பதை எழுதினால் பேப்பர் கருகும். புஷ்பவள்ளியை அழைத்து, ஆஸ்பத்திரித் தாளை வாங்கி உடனே கோர்ட்டில் கொடுக்கச் சொன்னேன். என்னைப் பொய்யன் என்று எழுதிய கையாலேயே நீங்கள் அதைத் திருப்பி எழுத வேண்டும்.

மேலே எழுதியது காலையில். மத்தியானம் தூங்கி எழுந்து மறுபடி உங்கள் கடிதத்தை எடுத்தேன். கோபம் இறங்கியிருந்தது. அப்போதுதான் படித்ததே மண்டையில் ஏறியது.

மாப்பிள்ளை, பதில் எழுதுங்கள். அது எத்தனை முறை கூப்பிடுகிறது? நீங்கள் இரண்டு என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். பிள்ளை எப்போதாவது பதில் சொன்னாளா? ஜன்னலைத் திறந்தாளா? நீங்கள் கதவைத் திறந்து வெளியே போகாதீர்கள். ரோகினிக்கு எப்படி என் குரலில் வந்ததோ அப்படியே வந்திருக்கிறது. அது தோட்டத்தை விட்டு வெளியே போகும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. குட்டைக்குப் பக்கத்தில் நிற்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்கு வழி தெரிந்திருக்கிறது.

சன்னாசி


நீலாய்
20 மே 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ரோகினி உங்களை அழைத்தபடியே அழைக்கிறேன். வேறு எப்படி அழைப்பது என்று தெரியவில்லை.

உங்கள் ஆஸ்பத்திரித் தாளை ஹேமநாதன் காட்டினார். நீங்கள் அங்கே இருந்திருக்கிறீர்கள். நான் கொடுத்த புகாரைத் திரும்ப எடுத்துவிட்டேன். அன்று நீங்கள் கூப்பிடவில்லை என்று சொன்னதை நான் பொய் என்றேன். அதையும் எழுத்தில் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். எழுத்தில் இருக்க வேண்டும் என்பது உங்கள் விருப்பம்.

நானும் கேட்டுவிட்டேன், அண்ணன். போன வாரம். சோறு பரிமாறிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே "ஆயி" என்று கேட்டது. உங்கள் குரல், நீங்கள் வெற்றிலை மென்றுகொண்டு பேசுகிற அந்தக் கரகரப்போடு. இடையில் விமானம் ஒன்று தாழப் போனது. அந்த இரைச்சல் அடங்கும் வரை அது பொறுத்திருந்து இரண்டாவது முறை கூப்பிட்டது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. வாசலில் பொருத்திய கேமராவில் மரம் மட்டுமே இருக்கிறது. மரத்தில் காற்று.

பிள்ளை பதில் சொல்வதில்லை. ஜன்னலில் நின்று விரலை மடக்குகிறாள். ஒன்று. இரண்டு. பிறகு மூன்றாவது விரலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் கையைப் பிடித்து இழுத்தால்தான் வருகிறாள். வந்து அழுகிறாள். அவளுக்கு உங்கள் மேல்தான் வருத்தம்.

நீதிபதி அவளைத் தன் அறையில் வைத்துத் தனியே கதைத்தார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் பொறுமையான பெண்மணி. மூன்று முறை பெயர் சொல்லி, அவள் திரும்பும் வரை காத்திருந்தாராம். மாமாவைப் பார்க்க ஆசையா என்று கேட்டதற்குப் பிள்ளை தலையாட்டிவிட்டு, "மாமாவுக்கு இன்னும் மூணு சொல்லத் தெரியல" என்றாளாம். நீதிபதி அதைச் சின்னப் பிள்ளைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு சிரித்தார் என்று ஹேமநாதன் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை.

நான் இனி எதிர்க்கப் போவதில்லை. இரு தரப்பும் ஒத்துக்கொண்ட உத்தரவாகவே எழுதிவிடலாம். மாதத்தில் முதல் சனியும் மூன்றாம் சனியும், காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு வரை, என் முன்னிலையில் நீங்கள் அவளைப் பார்க்கலாம். நீங்கள் வர வேண்டும். நிஜமான நீங்கள் வந்து நின்றால், மற்றது நிற்காது என்று நினைக்கிறேன். இதில் எனக்கு ஒன்றும் தெரியாது. வேறு யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

உங்கள் எண்ணைத் திறந்துவிட்டேன். தயவு செய்து ஒரு தடவை போன் செய்யுங்கள்.

திவாகரன்


சுங்கை கெலாடி தோட்டம்
1 ஜூன் 2024

மாப்பிள்ளைக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு விரல் குறைந்த காலில் நடக்கப் பழகுகிறேன். கோர்ட் உத்தரவும் கைக்கு வந்துவிட்டது. அதில் என் பெயருக்குப் பின்னால் 'தாய்மாமன்' என்ற சொல்லைப் போட வைத்திருக்கிறது புஷ்பவள்ளி. மலாய் எழுத்துக்கு நடுவில் நம் சொல் உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன் செய்ய மாட்டேன். நீங்கள் அடைத்த கதவு அது. நீங்கள் திறந்தால் உடனே நுழைந்துவிடுகிற ஆள் நான் இல்லை. அது ஒரு காரணம். இன்னொன்று, குரலுக்கு என்ன மதிப்பு என்று நமக்கு இரண்டு பேருக்கும் இப்போது தெரியும். போனில் என் குரல் வந்தால் அது நான்தான் என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? இந்தக் கையெழுத்தை யாரும் போட முடியாது. ழகரத்துக்கு வால் நீட்டுகிறவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான்.

கேட்டுக்கொள்ளுங்கள். இன்றைக்கே முதல் சனி, கடிதம் போய்ச் சேராது. ஜூன் பதினைந்து, மூன்றாம் சனிக்கிழமை நான் வருகிறேன். கேட்டுக்கு வெளியே நின்று ஆயி என்று மூன்று முறை கூப்பிடுவேன். மூன்றாவதற்குப் பிள்ளை பதில் சொல்லிக் கதவைத் திறக்கட்டும். நீங்கள் திறக்க வேண்டாம். அவளே திறக்க வேண்டும். தோடு கொண்டுவருகிறேன். அன்றைக்கே கோவிலுக்குப் போய் மடியில் வைத்துக் காது குத்திவிடலாம். அப்புறம் அவளுக்கு யார் மாமன் என்பது தீர்ந்துவிடும்.

அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். வீட்டுக்குள்ளே வைத்து, வெளிச்சம் இருக்கும்போது, காதோடு சொல்லுங்கள். முன்பே எழுதியிருக்கிறேன்.

சன்னாசி


நீலாய்
8 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வியாழன் அன்று தபால் பெட்டியில் இருந்தது. வேலை முடிந்து பிள்ளையோடு இறங்கும்போதுதான் பார்த்தேன். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது, வால் நீண்ட எழுத்து. வீட்டைத் திறக்கக்கூட விடவில்லை. கார் நிற்கிற முன்வாசல் படியிலேயே உட்கார்ந்து, விளக்கைப் போட்டு வாசித்தேன். மாமா பதினைந்தாம் தேதி வருவார், மூன்று முறை கூப்பிடுவார் என்ற இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். இத்தனை மாதத்தில் அவள் அவ்வளவு சிரித்து நான் பார்க்கவில்லை. காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு எழும்பி கேட் வரை ஓடினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு மரத்தைப் பார்த்து, "மாமா, மூணு தடவ கூப்பிடணும். கேட்டுச்சா? ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சத்தமாகச் சொன்னாள். நான் போய்த் தூக்கி வந்தேன்.

காதோடு சொல்லச் சொன்னீர்கள். கடைசி வரியை வாசித்தபோதுதான் கவனித்தேன். அதற்குள் சொல்லி முடித்தாயிற்று. ஆனால் பாருங்கள், பயப்படும்படி ஒன்றும் நடக்கவில்லை. அன்றிலிருந்து அந்தக் கூப்பாடே இல்லை. வியாழன் இரவும் இல்லை, நேற்றும் இல்லை, இன்றும் இல்லை. பிள்ளை நல்ல நித்திரை. நீங்கள் வருகிறீர்கள் என்றதுமே விலகிவிட்டது போல.

இடியப்பமும் சொதியும் செய்து வைக்கிறேன். உறைப்பு போதாது என்று திட்டினால் கேட்டுக்கொள்கிறேன். ரோகினியும் அதைத்தான் சொல்வாள்.

திவாகரன்


நீலாய்
15 ஜூன் 2024, சனி

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் திரும்பி வந்ததும் இதை உங்கள் கையிலேயே கொடுப்பேன். முகம் பார்த்துச் சொல்ல வராததால் எழுதுகிறேன். எழுத்தில் சொன்னால்தான் நீங்களும் நம்புவீர்கள்.

காலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து மணி தாண்டியும் காணவில்லை. பெருநாள் கூட்டம், பஸ் கிடைத்திராது என்று பிள்ளைக்குச் சமாதானம் சொன்னேன். நான்கு மணியும் ஆனது. அவள் போட்டிருந்த புதுச் சட்டையைக் கழற்ற மறுத்துவிட்டாள். இருட்டுகிற நேரத்தில் உங்கள் குரல் கேட்டது. மறுபடியும் அதுதானோ என்று பயந்தேன். "ஆயி." "ஆயி." நான் பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள் மூன்றாவது விரலைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது முறை கூப்பிட்டீர்கள்.

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் எட்டிப் பார்த்தார். அவளே ஓடிப் போய்த் திறந்தாள், நீங்கள் சொன்னபடி. கம்பிக்கு அந்தப் பக்கம் நீங்கள் நின்றீர்கள். நீங்கள் எப்போதும் உடுத்துகிற கட்டம் போட்ட சட்டை, தோளில் துண்டு. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, மன்னியுங்கள்.

உள்ளே வரச் சொல்லியும் நீங்கள் வரவில்லை. தேநீரும் வேண்டாம் என்று தலையாட்டினீர்கள். என் மேல் இன்னும் கோபம் என்று புரிகிறது. இருக்க வேண்டியதுதான். திடல் வரை அவளை நடத்திக்கொண்டு போகிறேன் என்பதுபோல் கையைக் காட்டினீர்கள். என் முன்னிலையில் என்று உத்தரவில் இருக்கிறது. நான் கூட வரவில்லை. தாய்மாமன் பிள்ளையோடு நடக்க ஒரு காவல்காரன் எதற்கு என்று எனக்கே வெட்கமாக இருந்தது. இதுவரை நான் உங்களுக்குச் செய்ததற்கு இதையாவது செய்ய வேண்டும்.

"தோடு எங்க மாமா?" என்று அவள் கேட்டுக்கொண்டே போனாள். நீங்கள் அவளைப் பார்த்துச் சிரித்தது மட்டும் தெரிந்தது. உங்கள் கால் நன்றாகத் தேறியிருக்கிறது. கட்டு இல்லை, செருப்பும் போடவில்லை. கொஞ்சமும் இழுக்காமல் நடந்தீர்கள். பிள்ளைதான் உங்களுக்கு ஈடு கொடுக்க ஓட வேண்டியிருந்தது.

இப்போது தெருவிளக்கெல்லாம் எரிகிறது. திடல் பக்கம் யாரையும் காணவில்லை, மறு பக்கம் சுற்றிக்கொண்டு வருகிறீர்கள் போல. சொதி ஆறுகிறது. சூடு காட்டி வைக்கிறேன்.

திவாகரன்


போர்டிக்சன் ஆஸ்பத்திரி
15 ஜூன் 2024, சனி, காலை

மாப்பிள்ளைக்கு,

இன்று காலை பத்து மணிக்கு உங்கள் வாசலில் நிற்க வேண்டியவன் மறுபடியும் இந்தக் கட்டிலில் கிடக்கிறேன். விரல் எடுத்த இடம் நேற்று இரவு பிரிந்து காய்ச்சல் கண்டுவிட்டது. எழுந்து நின்றால் காலையே எடுக்க வேண்டிவரும் என்கிறார் டாக்டர். சட்டை எல்லாம் தேய்த்துத் தயாராக வைத்திருந்தேன்.

நர்ஸ் நல்ல பிள்ளை. நம்பர் கொடுங்க தாத்தா, நான் போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். சொன்னது சொன்னதுதான். ராக்கம்மா மத்தியானம் வருவாள், பதிவுத் தபாலில் போடச் சொல்கிறேன். பெருநாள் லீவு குறுக்கே வருகிறது. செவ்வாய் புதனுக்குள் கிடைத்துவிடும். இரண்டு மூன்று நாள் தாமதம்தானே. என்னைப் பிள்ளை நாலு திட்டு திட்டட்டும், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் நீங்கள் படிக்கட்டில் உட்கார்ந்து வாசித்ததாக எழுதியதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. கூப்பாடு நின்றுவிட்டது என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். அது இத்தனை காலமும் நின்றதே இல்லை, மாப்பிள்ளை. பதில் வராமல் அது போகாது. என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருக்கும்.

அதனால் இனிமேல் மூன்று என்ற கணக்கு வேண்டாம். அதை விட்டுவிடுங்கள். என் குரலில் யார் வந்து எத்தனை முறை கூப்பிட்டாலும் பிள்ளையைக் கதவருகே விடாதீர்கள். ஜூலை முதல் சனி நான் வருவேன். பட்டப்பகலில், கட்டுப்போட்ட காலோடு, கம்பு ஊன்றிக்கொண்டு வருவேன்.

வாய் திறக்க மாட்டேன். கேட்டில் நின்று கையை விரித்துக் காட்டுவேன். தோடு என் தலையணைக்கு அடியில் இருக்கிறது, இதை எழுதும்போதுகூடத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அது இல்லாமல் அவள் முன்னால் வந்து நிற்க மாட்டேன். அதை வைத்து நான்தான் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சன்னாசி
(தாய்மாமன்)